பச்சை ஒயர்

போன மாதம் எங்கள் சவுண்டுக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி கேள்வி போட்டிருந்தார். "லேப்டாப்பை மிக்சர்ல மாட்டினா 'ங்ங்ங்'னு ஹம் வருது. சார்ஜரைக் கழட்டினா நின்னுடுது. என்ன பண்ணலாம்?" ஐந்து நிமிஷத்துக்குள் பதினோரு பேர் பதில் போட்டுவிட்டார்கள். அதில் ஒன்பது பேர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "சார்ஜரோட எர்த் பின்னை உடைச்சுப் போடு ப்ரோ." கூடவே கட்டைவிரல், கைதட்டல், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மை எல்லாம்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. பதில் அடிக்க உட்கார்ந்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன். "ஸ்டெல்லா அக்கா டைப்பிங், டைப்பிங்னே அரை மணி நேரமாக் காட்டுது, ஒண்ணும் வரலையே" என்று ஒருவன் கிண்டல் வேறு. வராதுதான். அது நாலு வரியில் அடங்கும் சமாசாரம் இல்லை. எர்த்தை எடுத்துவிட்டு ஷாபாஷ் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. அதே எர்த் ஒன்பது வருஷம் கழித்து வந்து என் கழுத்தைப் பிடித்தது. அதை உட்கார்ந்து எழுதித்தான் சொல்ல வேண்டும்.

பிரேசர் டவுனில் ஒரு டிரஸ்ட் நடத்திய அரங்கத்தில் 1991-ல் வேலைக்குச் சேர்ந்தேன். பெயர் எதற்கு, இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. அறுநூறு நாற்காலி. பின்னால் கண்ணாடி போட்ட கன்ட்ரோல் ரூம். அங்கேதான் மிக்சர் இருக்கும். பாட்டு, மைக் எல்லாம் முதலில் அதற்குள் வந்துதான் ஒன்றுசேரும். மேடைக்குப் பக்கவாட்டில் ஓர் இரும்பு ரேக். ஸ்பீக்கர்களை முழங்க வைக்கும் ஆம்ப்ளிஃபையர்கள் அங்கே அடுக்கியிருக்கும். நடுவே சுவருக்குள் நீளமான ஆடியோ கேபிள்கள். டிப்ளமோ படித்ததும், ஒரு வருஷம் டேப் ரெக்கார்டர் ரிப்பேர் கடையில் ஈயப் புகை குடித்ததும் எல்லாரும் படுகிற பாடுதான், விட்டுவிடுகிறேன். இன்டர்வியூவில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஏணி ஏறுவியாம்மா?" "ஏணி ஸ்ட்ராங்கா இருந்தா ஏறுவேன் சார்" என்றேன். அந்த ஏணியின் இரண்டாம் படி உடைந்திருந்தது. சேர்ந்த முதல் வாரம் நான் செய்த முதல் ரிப்பேர் அதுதான்.

எங்கள் டெக்னிகல் செக்ஷனுக்குத் தலைவர் தேவராஜ் சார். கோலார் தங்கவயலில் பிறந்து, பெங்களூரில் டெலிபோன் தயாரிக்கும் இடத்தில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு எங்களிடம் வந்தவர். கஞ்சி போட்ட வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. பதினெட்டு வயசுப் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். என்னை 'மிஸ் ஸ்டெல்லா'. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்த பிறகும் மிஸ் ஸ்டெல்லாதான். சத்தம் போட்டுப் பேசி நான் பார்த்ததில்லை. அதுதான் பயம். திட்டுகிறவரிடம் பதிலுக்கு முறைக்கலாம். 'ம்' என்று சொல்லிவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைக்கிறவரை என்ன செய்ய முடியும்?

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. ஒன்று, ரிஜிஸ்தர். நீளமான காலிகோ பைண்டு நோட்டில் மூன்று கட்டம் போட்டிருப்பார்: 'கோளாறு', 'காரணம்', 'செய்தது'. முதலும் கடைசியும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நடுக்கட்டம்தான் உயிரை வாங்கும். ஆட்டிவிட்டேன், சரியாகிவிட்டது என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "சத்தம் போச்சு, சரிங்க. ஏன் போச்சு?" என்பார். 'லூஸ் கான்டாக்ட்' என்று எழுதினால், "எந்த ஸ்க்ரூ?" என்பார். சொன்னால் எழுந்து போய் அந்த ஸ்க்ரூவைத் தானும் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். நீலப் பேனாவில் போட்டால் நம்பிவிட்டார். சிவப்பில் போட்டால் இன்னும் யோசிக்கிறார் என்று அர்த்தம்.

இன்னொன்று, 'ஒரு நிமிஷம்'. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் அரங்கத்தின் ஃபேன்களையெல்லாம் நிறுத்தச் சொல்வார். மிக்சரில் எல்லாக் குமிழையும் உச்சத்துக்குத் தள்ளச் சொல்வார். பாட்டு கிடையாது, பேச்சு கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தபடி சரியாக ஒரு நிமிஷம் கேட்பார். ஒன்றும் கேட்கவில்லையென்றால் எழுந்து வேட்டியைத் தட்டுவதுபோல் பேன்ட்டைத் தட்டிக்கொண்டு போவார். 'யாருக்குப்பா இன்னிக்கு மௌன அஞ்சலி?' என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

இனி என் வீரச் செயலுக்கு வருகிறேன்.

சேர்ந்த மூன்றாவது வருஷம் புது மிக்சர் வந்தது. அதைத் தொடங்கிவைக்க ஒரு விழா. தேவராஜ் சார் மகள் கல்யாணத்துக்காகத் தங்கவயலில் இருந்தார். காலையில் மிக்சரை மாட்டினேன். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்ம்' என்று எருமை முக்குவதுபோல் ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், போகவில்லை. விழாவுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வாசலில் ஷாமியானா, பூக்கூடை, பெரிய மனிதர்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

இன்று விளக்கம் சொல்வேன். மிக்சர் கன்ட்ரோல் ரூமின் எர்த்தில் நிற்கிறது, ஆம்ப்ளிஃபையர் மேடையின் எர்த்தில் நிற்கிறது. இரண்டையும் ஆடியோ கேபிளின் உள் ஒயர்களைப் போர்த்தியிருக்கும் செம்பு மேல்வலை கோத்துவிடுகிறது. மட்டம் வேறான இரண்டு தண்ணீர்த் தொட்டிகளைக் குழாய் போட்டு இணைத்தால் தண்ணீர் ஓடுமல்லவா, அதுபோல் எர்த்துக்கும் எர்த்துக்கும் உள்ள சின்ன வித்தியாசம் அந்தக் கேபிளில் ஓடி ஸ்பீக்கரில் உறுமும். அன்று எனக்கு இவ்வளவு தெளிவு இல்லை. ரிப்பேர் கடையில் யாரோ செய்து பார்த்த குறுக்கு வழி மட்டும் ஞாபகம் வந்தது. மெயினை அணைத்துவிட்டு, கன்ட்ரோல் ரூம் ப்ளக் போர்டைக் கழற்றினேன். எர்த் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பச்சை ஒயரை வெளியே எடுத்தேன். நுனியை மடக்கிக் கறுப்பு டேப் சுற்றி உள்ளே திணித்து மூடினேன். ஸ்விட்சைப் போட்டேன். எருமை போயே போச்சு!

விழா ஜாம் ஜாமென்று நடந்தது. அப்போதிருந்த செகரட்டரி மேடையில் வைத்து எனக்கு ஒரு ரோஜா மாலை போட்டார். எங்கம்மா அதைக் காயும்வரை மாதா படத்துக்குப் போட்டிருந்தாள். தேவராஜ் சார் திரும்பி வந்ததும் ரிஜிஸ்தரை நீட்டினேன். 'காரணம்: லூஸ் கான்டாக்ட்' என்று எழுதியிருந்தேன்.

"எந்த ஸ்க்ரூங்க, மிஸ் ஸ்டெல்லா?"

வாய் கூசாமல் சொன்னேன். "மேடை ரேக்ல சார். பின்னாடி, கீழ் வரிசை, கடைசி."

எழுந்து போனார். அந்தப் பாவப்பட்ட ஸ்க்ரூவை ஒரு சுற்று திருகிப் பார்த்தார். வந்து நீலப் பேனாவில் கையெழுத்துப் போட்டார். அந்த நீல மசி என்னை உறுத்தியது உண்மை. ஆனால் இரண்டு நாள்தான். மறந்துபோனேன்.

எர்த் ஒயர் எதற்கு என்று தெரியாமல் இதைச் செய்யவில்லை. அதுதான் வெட்கம். பெட்டிக்குள் ஏதாவது பிய்ந்து கரண்ட் அதன் உடம்புக்கு வந்துவிட்டால், அதை மண்ணுக்கு இழுத்துப்போய் ஃப்யூஸைப் போக வைப்பது அந்தப் பச்சை ஒயர்தான். அது இல்லையென்றால் மிக்சரின் உடம்புக்கு வந்த கரண்ட், கேபிள் வழியாக மைக்கின் உடம்புக்கும் வரும். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துத்தானே பேசுகிறோம்? பரீட்சையில் இதற்குப் பத்து மார்க் வாங்கியவள் நான்.

2003. அந்த மாதக் கடைசியில் தேவராஜ் சார் ரிட்டயர் ஆவதாக இருந்தது. அவர் இடத்துக்கு நான்தான் என்று பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதைய செகரட்டரி நஞ்சுண்டய்யா நல்ல மனிதர், ஆனால் பயந்தாங்கொள்ளி. தமிழும் கன்னடமும் கலந்து வந்த வரிசையில் பேசுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்டெல்லா மேடம், பேஜார் பண்ணிக்காதீங்க. இப்போ எல்லாம் கம்ப்யூட்டர் காலம் நோடி. சனிக்கிழமை டான்ஸ் ப்ரோக்ராம் இருக்கல்லா, அது க்ளீனா ஆச்சுன்னா நீங்களே இன்சார்ஜ். சத்தம் கித்தம் வந்துச்சுன்னா வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு கமிட்டில மாத்தாடினாங்க, பேசிக்கிட்டாங்க."

"பன்னெண்டு வருஷம் சத்தம் வரலியே சார்?"

"அதுக்குத்தான் சொல்றேன், சனிக்கிழமையும் வரக் கூடாது" என்றார்.

அந்த டான்ஸ் ப்ரோக்ராம் மாலாவுடையது. வேலூர்ப் பெண். தொம்மலூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. லீவு நாட்களில் அங்கேயே பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுத்தாள். வயலின், மிருதங்கம், பாட்டு எல்லாம் முன்னாலேயே ரெக்கார்ட் செய்து லேப்டாப்பில் வைத்திருந்தாள். தாளமும் ஜதியும் மட்டும் தானே மேடை ஓரம் உட்கார்ந்து மைக்கில் சொல்வதாக ஏற்பாடு. எங்கள் மிக்சரில் லேப்டாப் மாட்டுவது அதுதான் முதல் தடவை. அதுவரை கேசட், சிடிதான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒத்திகைக்கு வந்தாள். லேப்டாப்பை கன்ட்ரோல் ரூம் மேஜையில் வைத்து, மிக்சர் மாட்டியிருந்த ப்ளக் போர்டிலேயே சார்ஜரைச் செருகினேன், ஆடியோ ஒயரை மிக்சரில் மாட்டினேன். குமிழைத் தூக்கியதுதான் தாமதம், அரங்கம் முழுக்க 'ஜிர்ர்ர்ர்' என்று வண்டு இரைந்தது. பழைய எருமை இல்லை, இது வேறு ஜாதி. அதே நேரத்தில் மேடையிலிருந்து மாலா கத்தினாள்.

"ஐயோ! மேடம், மைக் கடிக்குது!"

ஓடினேன். வெறுங்காலோடு மேடையில் உட்கார்ந்திருந்தாள். "உதட்டுல பட்டுச்சு மேடம். சுருக்குனு இழுக்குது" என்று வாயைத் தடவிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. மைக்கைப் பிடுங்கிக் கீழே வைத்தேன். என் விரலிலும் மெல்ல அதே சுருக்.

தேவராஜ் சார் வந்தார். "எல்லாத்தையும் கழட்டுங்க" என்றார். எத்தனை அவசரமானாலும் அவர் வழி அதுதான். முதலில் ஆம்ப்ளிஃபையர் மட்டும்: நிசப்தம். அதோடு மிக்சர்: நிசப்தம். அதோடு மைக்: சரி. அதோடு லேப்டாப், சார்ஜர் இல்லாமல் பேட்டரியில்: சரி! மாலா கும்பிட்டாள். சார்ஜரைச் செருகினேன்: ஜிர்ர்ர்.

"பேட்டரியிலேயே ஓட்டிடலாமாம்மா?" என்று கேட்டேன்.

"இருபது நிமிஷம்தான் தாங்கும் மேடம், பழைய பேட்டரி. ப்ரோக்ராம் ரெண்டு மணி நேரம்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏழு மாசமா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணே எங்களுக்கு இல்ல. பதினாலு பிள்ளைங்க."

இந்த நேரம் பார்த்து நஞ்சுண்டய்யா உள்ளே வந்தார். கூட ஒரு ஆள். அந்த வெளிக் கம்பெனிக்காரராம், 'சும்மா ஹால் பார்க்க' வந்தாராம். கழுத்தில் டேக், கையில் சின்ன டார்ச். சத்தத்தைக் கேட்டதும் சிரித்தார். "இதெல்லாம் எல்.கே.ஜி ப்ராப்ளம் சார்" என்று பையிலிருந்து இரண்டு பின் அடாப்டர் ஒன்றை எடுத்தார். எர்த் பின் சேராதபடி சார்ஜரை அதில் போட்டுச் செருகினார். என்னைப் பார்த்து ஒரு பார்வை. குமிழைத் தூக்கினார்.

ஜிர்ர்ர்ர். முன்னைப் போலவே, ஒரு துளி குறையாமல்.

அவர் முகம் சுருங்கியது. நாலு தடவை செருகிப் பார்த்தார். "மிக்சரே காலி சார். கேபிள், போர்டு, எல்லாத்தையும் மாத்தணும்" என்று சொல்லிவிட்டார். நஞ்சுண்டய்யா என்னைப் பார்க்காமல் அவரை ஆபீசுக்குக் கூட்டிப்போனார். தேவராஜ் சாரையும் வரச் சொன்னார். என் பன்னிரண்டு வருஷத்தை அந்தக் கதவு வழியே தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. அழுகை வந்தது, கோபம் அதை முந்திக்கொண்டது.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஆள் தெரியாமல் எனக்கு ஒரு உபகாரம் பண்ணிவிட்டுப் போயிருந்தார். எர்த் இருந்தாலும் அதே சத்தம். எர்த்தை எடுத்தாலும் அதே சத்தம். எடுத்தும் ஒன்றும் மாறவில்லையென்றால், எடுப்பதற்கு அங்கே எர்த்தே இல்லை!

ஹோல்டரில் பல்பும் இரண்டு ஒயரும் கோத்த டெஸ்ட் விளக்கை எடுத்து ப்ளக் போர்டில் வைத்தேன். லைனுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தால் எரிந்தது. லைனுக்கும் எர்த்துக்கும் வைத்தால், எரியவே இல்லை. மெயினை அணைத்தேன். ஸ்க்ரூ டிரைவரைப் போர்டின் மூலையில் வைக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மூடியைக் கழற்றினேன். உள்ளே மடங்கிய பச்சை ஒயர், அதன்மேல் கறுப்பு டேப். டேப்பின் நுனியை, பிறகு உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று, சின்னக் காது மாதிரி மடித்துவிடுவது என் பழக்கம். அந்தக் காது ஒன்பது வருஷமாக அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஆண்டவரே!

இப்போது கணக்கு முழுக்கப் புரிந்தது. லேப்டாப் சார்ஜர் எப்போதும் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். அதை எர்த் வாங்கிக்கொண்டு போய்விடும். எர்த் இல்லாததால் அந்தக் கசிவு மிக்சருக்குள் ஏறி, சுவருக்குள் போகும் ஆடியோ கேபிளின் மேல்வலை வழியாக மேடை எர்த்தைத் தேடி ஓடியிருக்கிறது. அந்த ஓட்டம்தான் ஜிர்ர்ர். அந்த மேல்வலையின் முனையும் துருப்பிடித்து அரைகுறையாகத்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் மிச்சம் மைக்குக்கு வந்து மாலாவின் உதட்டில் இறங்கியது. இன்று கசிவு, ஆகையால் சுருக். மிக்சருக்குள் ஒரு ஒயர் பிய்ந்திருந்தால்? எத்தனை பாதிரியார், எத்தனை பாடகி, எத்தனை பள்ளிக்கூடப் பிள்ளை இந்த ஒன்பது வருஷத்தில் அந்த மைக்கை வாயருகே பிடித்திருப்பார்கள்?

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன். அந்த அறையில் யாரும் இல்லை. ஒயரைப் போட்டுத் திருகிவிட்டு, 'லூஸ் கான்டாக்ட் சார்' என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? எனக்கு வரவேண்டிய இடம் எனக்கு வரும். பச்சை ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் மாலா நின்றாள். "மேடம், அது டேஞ்சரா?" என்று கேட்டாள். விரல் இன்னும் உதட்டில்தான் இருந்தது.

"ஆமாம்மா. டேஞ்சர்தான். நான் பண்ணினது" என்றேன். அதற்குமேல் என்ன மறைப்பு? நேராக ஆபீசுக்குப் போனேன். அங்கே அந்த வெளிக் கம்பெனிக்காரர் காபி குடித்துக்கொண்டிருந்தார். அவர் முன்னாலேயே சொன்னேன்.

"சார், கன்ட்ரோல் ரூம்ல எர்த் இல்ல. மிக்சர் வந்த அன்னிக்கு நான்தான் கழட்டினேன். உங்ககிட்ட ரேக் ஸ்க்ரூன்னு பொய் சொன்னேன்."

தேவராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ம். முதல்ல ஒயரைப் போடுங்க. மத்தது அப்புறம்."

போட்டேன். கேபிளின் மேல்வலை முனையையும் சுத்தம் செய்து புதிதாக ஈயம் வைத்தேன். சார்ஜரோடு லேப்டாப்பை மாட்டினோம். ஜிர்ர்ர் போய்விட்டது. மாலா தயங்கித் தயங்கி மைக்கைத் தொட்டாள், கடிக்கவில்லை. ஆனால் எருமை திரும்பி வந்துவிட்டது. 'ம்ம்ம்ம்.' ஒன்பது வருஷம் முன்னால் நான் துரத்திய அதே எருமை.

"பாத்தீங்களா? முன்னாடி இருந்ததே தேவலை. எர்த்தைக் கழட்டிட்டு பேட்டரில ஓட்டுங்க" என்றார், காபியோடு பின்னாலேயே வந்திருந்த வெளிக் கம்பெனிக்காரர்.

"நீங்க அந்த மைக்கை நாக்கால தொடுங்க, கழட்டறேன்" என்றேன். காபியை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

தேவராஜ் சார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விடையை அவர் சொல்லப் போவதில்லை என்று புரிந்தது. யோசித்தேன். இரண்டு எர்த்தும் இருக்க வேண்டும். அவற்றைக் கோக்கும் கேபிளின் மேல்வலைதான் அறுபட வேண்டும். ஆனால் பாட்டு அறுபடக் கூடாது. "சார், லைன் டிரான்ஸ்ஃபார்மர்! டெலிபோன்ல போடுவாங்களே, ஒண்ணுக்கு ஒண்ணு!" என்று கத்தினேன். ஒரே இரும்பில் இரண்டு சுருள். ஒன்றுக்கொன்று ஒயர் தொடர்பு கிடையாது. ஒரு சுருளில் போகும் பாட்டு காந்தமாகித் தாண்டி அடுத்த சுருளில் பாட்டாகவே வரும். எர்த் தாண்டாது.

"டெலிபோன் சாமான் எல்லாம் சிவாஜிநகர்ல பழைய சாமான் விக்கிற குஜிரிக் கடையிலதான் கிடக்கும். காலையில ஒன்பது மணிக்குத் திறப்பான்" என்றார். அவ்வளவுதான் அவர் கொடுத்த உதவி.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு குஜிரிக் கடை வாசலில் நான்தான் முதல் ஆள். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சாமான்கள் ஒரு மலையாகக் கிடந்தன. கடை பாய் முக்காலி போட்டுக் கொடுத்தார். மல்ட்டிமீட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மராகச் சுருள் அளந்தேன். "க்யா அம்மா, மாம்பழம் பொறுக்கற மாதிரி பொறுக்கறீங்க?" என்று பாய் சிரித்தார். பதினெட்டில் இரண்டு தேறின. அரங்கத்து ஸ்பீக்கர் கேபிளுக்கு ஒன்று, மேடையில் பிள்ளைகளுக்குக் கேட்கும் ஸ்பீக்கர் கேபிளுக்கு ஒன்று. சரியாக இரண்டுதான் வேண்டும். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

ஒரு தகர பிஸ்கட் டப்பாவைக் காலி செய்து அதற்குள் இரண்டையும் உட்காரவைத்தேன். மேடை ரேக் பக்கத்தில் இரண்டு கேபிளையும் வெட்டி, மிக்சரிலிருந்து வருவது ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபையருக்குப் போவது மறு பக்கம் என்று ஈயம் வைத்தேன். ஒரு பக்கத்து மேல்வலை மறு பக்கத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டேன். முடிந்தபோது மணி மூன்று. ஐந்தரைக்கு நிகழ்ச்சி.

"ஒரு நிமிஷம்" என்றார் தேவராஜ் சார்.

ஃபேன்களை நிறுத்தினேன். லேப்டாப் சார்ஜரில், எர்த் பின்னோடு. மைக், லேப்டாப், எல்லாக் குமிழும் உச்சத்தில். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்த்தார். மாலாவும் பதினாலு பிள்ளைகளும் சலங்கையைக் கையால் பிடித்துக்கொண்டு மேடையில் சிலையாக நின்றார்கள். வெளியே ரோட்டில் ஆட்டோ போவது கேட்டது. மரத்தில் கிளி கத்துவது கேட்டது. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமே இல்லை.

கதவு கிறீச்சென்று திறந்தது. நஞ்சுண்டய்யா. இருட்டில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏனு? ஃபேன் நின்னிருக்கு? கரண்ட் ஹோய்தா? ஐயோ தேவரே, இன்னிக்குப் போயா கரண்ட் போகணும்!"

நான் லேப்டாப்பில் ஒரு பொத்தானை அமுக்கினேன். மிருதங்கம் 'தோம்' என்று அரங்கத்தை நிறைத்தது. மனிதர் நிஜமாகவே துள்ளி விழுந்து முன் நாற்காலியைக் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் ஓவென்று கூச்சல் போட்டன. நான் கன்ட்ரோல் ரூமுக்குள் தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் மாலை போட்டுக்கொண்ட அன்றைக்குக்கூட இவ்வளவு சந்தோஷம் இல்லை. தேவராஜ் சார் எழுந்து பேன்ட்டைத் தட்டிக்கொண்டு காபிக்குப் போனார்.

மாலையில் மாலா உதட்டை மைக்கோடு ஒட்டவைத்து இரண்டு மணி நேரம் ஜதி சொன்னாள். நடுவில் ஒரு தடவை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள், கழுதை. முடிந்ததும் பதினாலு பிள்ளைகளும் கன்ட்ரோல் ரூமுக்குள் நுழைந்து என்னை மூச்சுவிட விடவில்லை.

குழுவில் கேட்ட தம்பிக்கு இப்போது பதில் சொல்லிவிடுகிறேன். முதலில் பேட்டரியில் ஓட்டிப் பார். சத்தம் நின்றால் குற்றவாளி எர்த் பாதையில் இருக்கிறான். லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே ப்ளக் போர்டில் போடு. அந்தப் போர்டில் நிஜமாகவே எர்த் வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல். அப்புறமும் உறுமினால் ஆடியோ ஒயரில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடு. இப்போது தீப்பெட்டி அளவில் விற்கிறது, குஜிரிக் கடைக்கெல்லாம் போக வேண்டாம். பின்னை உடைத்தாயென்றால், வீட்டுக்கு வந்து உதைப்பேன்.

திங்கட்கிழமை காலை கமிட்டி கூடியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நஞ்சுண்டய்யாவின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "எல்லாம் சரி தேவராஜ், தப்பு மாடினவங்களுக்கே இன்சார்ஜ் கொடுக்கறதா?"

"வெளி ஆளு மிக்சரைத் தூக்கிப் போடச் சொன்னாரு. இந்தம்மா தன் தப்பைத் தானே கண்டுபிடிச்சு, வேண்டாத ஆளு முன்னாடி வந்து சொல்லிட்டு, அடுத்த நாள் சரியும் பண்ணிட்டாங்க. எனக்கு இதுக்குமேல நல்ல ஆளு தெரியாதுங்க" என்றார் தேவராஜ் சார். அதுவரை அவர் அத்தனை வாக்கியம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

வெளியே வந்தவர் என்னை ரிஜிஸ்தர் அலமாரிக்குக் கூட்டிப்போனார். கீழ்த்தட்டிலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முந்திய நோட்டை எடுத்தார். தூசி தட்டி, அந்தப் பக்கத்தை விரித்தார். என் கையெழுத்தில் 'லூஸ் கான்டாக்ட்'. பக்கத்தில் அவருடைய நீலக் கையெழுத்து. இரண்டு பேனாவில் சிவப்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இன்சார்ஜ் நீங்கதான். திருத்துங்க, மிஸ் ஸ்டெல்லா."

அந்த வார்த்தைகளை ஒரு கோடு போட்டு அடித்தேன். நடுக்கட்டத்தில், 'காரணம்' என்ற இடத்தில், 'ஸ்டெல்லா' என்று எழுதினேன். தலை குனிந்தபடியே நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நீலப் பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போடப் போனவர் நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு மட்டும் போதாதுங்க. எந்த ஸ்க்ரூ?"